ஐந்து பல்பு, ஒரே அடுப்படி: ஷாங்காய் சந்து வீட்டிலிருந்து

வணக்கம் மக்களே. குரல் எதிரொலிக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். மாடிப்படியில் உட்கார்ந்து பேசுகிறேன். அறைக்குள் ட்ரைபாடை விரித்தால் எனக்கு நிற்க இடமில்லை.

ஷாங்காயின் பழைய சந்து வீடு ஒன்றில் ஒரு மாதம் தங்கப் போகிறேன் என்று போன வீடியோவில் சொன்னதும், 'ஆகா, எல்லாரும் பகிர்ந்து வாழ்கிறார்கள்' என்று பாதிப் பேர் உருகிவிட்டீர்கள். பகிர்வதா? முந்தாநாள் நான் வாங்கிய திட்டைக் கேளுங்கள்.

கீழே பொது அடுப்படி. ஐந்து குடும்பம், ஐந்து அடுப்பு. கூரையில் ஐந்து பல்பு, கைக்கெட்டும் தூரத்தில் ஐந்து சுவிட்ச். இருட்டில் தடவி ஒன்றை அழுத்தினேன். மேலிருந்து ஒரு சத்தம். பக்கத்து அறை ஆபோ, அதாவது பாட்டி, விடுவிடுவென்று இறங்கி வந்து பல்பை அணைத்துவிட்டு, சுவரில் வரிசையாக இருந்த மீட்டர்களைக் காட்டினார். அது அவர் பல்பு. அவரவர் வெளிச்சத்துக்கு அவரவர் காசு. குழாயும் அப்படித்தான், ஒன்றுக்குச் சின்னப் பூட்டுகூட இருக்கிறது.

எனக்கென்று பல்பு வாங்கினேன். 9 யுவான். மாட்டிக் கொடுக்க எலக்ட்ரீஷியன் கேட்டது 120 யுவான்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பேரம் பேசினேன், மொழிபெயர்ப்புச் செயலியை நீட்டினேன், முகத்தைத் தொங்கப்போட்டேன். 100க்கு இறங்கினார். இருபது யுவான் மிச்சம், மக்களே, இருபது!

அட, அறையைப் பற்றிச் சொல்லவே இல்லையே. இதற்குப் பெயர் திங்ஸுஜியேன். இரண்டு மாடிகளுக்கு நடுவே, படி திரும்பும் இடத்தில் இருக்கும் அறை. கீழே அடுப்படி, மேலே துணி காயப்போடும் தளம், வடக்கு பார்த்த ஒரே ஜன்னல். கோடையில் இரண்டு பக்கமும் வேகும், குளிர்காலத்தில் விறைக்கும். வாடகை குறைவு என்பதால் 1930களில் காசில்லாத எழுத்தாளர்கள் பலர் இப்படிப்பட்ட அறைகளில்தான் இருந்தார்கள். நான் எழுத்தாளர் இல்லை, காசில்லாதது மட்டும் பொருந்துகிறது.

இந்த வீட்டு வகைக்கு ஷிகுமென் என்று பெயர். வாசலுக்குக் கல்லால் சட்டம் வைத்திருப்பார்கள், உள்ளே நம் முற்றம் மாதிரிச் சின்னத் திறந்தவெளி. கட்டியது ஒரே குடும்பத்துக்கு. 1850, 60களில் சீனப் பேரரசை எதிர்த்துக் கிளம்பிய தைப்பிங் கிளர்ச்சிப் போருக்குப் பயந்து சுற்றுவட்டார மக்கள் வெளிநாட்டார் குடியிருப்புப் பகுதிக்குள் குவிந்தார்கள். முதலில் மரத்தில் வரிசை வீடுகள் கட்டினார்கள், தீப்பிடிக்கும் என்ற பயத்தில் பிறகு செங்கல்லுக்கு மாறினார்கள். கூட்டம் ஏற ஏற, முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்தவரே அறை அறையாகத் தடுத்து உள்வாடகைக்கு விட்டார். அவரை 'இரண்டாம் வீட்டுக்காரர்' என்பார்கள். 1980வாக்கில் இந்த நகரத்தில் ஆளுக்குக் கிடைத்த இடம் 4 சதுர மீட்டரை ஒட்டித்தான். ஒரு கட்டில் போட்டால் பாதி போய்விடும்.

இன்றைக்கும் ஷாங்காயின் மையத்தில் இருக்கும் ஹுவாங்பூ வட்டாரத்தில் 20 சதுர கிலோமீட்டருக்குள் 6.6 லட்சம் பேர். இது 2020 கணக்கு. அடுக்குமாடிக் கோபுரங்களால் வந்த நெரிசல் என்று நினைத்திருந்தேன். ஆனால் கோபுரங்களுக்கு வெகுகாலம் முன்பே இரண்டு, மூன்று மாடிச் சந்துகளில் இதே மாதிரி அடைத்திருக்கிறார்கள்.

இந்த நகரத்திலேயே ஷின்தியேன்தி என்ற பகுதிக்கும் போனேன். இதே வகை வீடுகளைப் பளபளப்பாக்கி, உணவகங்களும் கடைகளும் வைத்திருக்கிறார்கள். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் மாநாடு 1921இல் நடந்த வீடும் அங்கேதான், அதை மட்டும் பாருங்கள். மற்றபடி எனக்குப் பிடிக்கவே இல்லை. சுவரை வைத்துக்கொண்டு ஆட்களை அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஆபோவிடம் சொன்னால் சிரிக்கிறார். தனிக் கழிப்பறையோடு ஃப்ளாட் கொடுத்தால் இன்றே பெட்டி கட்டுவாராம்.

இன்னொன்று விட்டுப்போச்சு. ஹோட்டலில் தங்காத வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிய வேண்டும். மறக்காதீர்கள். நான் கடைசி அரை மணியில் ஓடினேன்.

சரி, நேற்று ராத்திரி. என் பல்பின் கீழ் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். ஆபோ வாணலியோடு வந்தார், தன் சுவிட்சைத் தொடவில்லை. என் வெளிச்சத்திலேயே கீரை வதக்கினார், மீன் பொரித்தார், அப்புறம் நிதானமாகப் பாத்திரம் கழுவினார். நான் ரசத்தைப் பார்க்கவில்லை மக்களே, மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசம் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது.