அரிசியில் கல் தேடும் கண்: நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

இந்த வாரம் வந்த சந்தேகங்களில் ஒன்று என் மனத்தை விட்டு அகலவே இல்லை. ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "என் மாமியார் முறத்தில் அரிசியைப் பரப்பிய மாத்திரத்தில் கல்லைப் பொறுக்கிவிடுவார். நானோ கண்ணாடி அணிந்து, நல்ல வெளிச்சத்தில், சுத்தமான பாக்கெட் அரிசியைத்தான் பார்க்கிறேன். ஆனாலும் சோற்றில் கல் கடிபடுகிறது. என் கண்ணில் குறையா?"

குறை கண்ணில் இல்லை, அம்மா. விழித்திரையைப் பற்றிப் பேசிய பகுதியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் அதன் அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு இடத்தை மட்டுமே நாம் ஒரு நேரத்தில் கூர்மையாகக் காண்கிறோம், மற்ற இடங்களைக் காண, கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவ வேண்டியிருக்கிறது.

வெள்ளை அரிசிக்கு நடுவே கருங்கல் துண்டு ஒன்று கிடந்தால், முறத்தில் இருப்பது ஒரு பிடியானாலும் ஒரு படியானாலும், அது தானாகவே கண்ணில் பட்டுவிடும். நிறம் ஒன்றே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அரிசியின் நிறத்திலேயே, குருணையின் அளவிலேயே உள்ள வெள்ளைக் கல் அப்படி அகப்படாது. அதற்குக் கவனம் சிறிது சிறிதாக நகர வேண்டும். அரிசி கூடக் கூட நேரமும் கூடும். இவ்விரு வகைத் தேடலின் வேறுபாட்டை உளவியலாளர்கள் ஆன் டிரீஸ்மனும் கேரி கெலேடும் 1980இல் விளக்கினார்கள்.

ஆனால் சகோதரியின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் நெடுநாள் காத்திருந்த கேள்வி அது. தேடுவதை நாம் எப்போது நிறுத்துகிறோம்?

ஜெரமி வுல்ஃப் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், பயணப் பெட்டிகளைச் சோதிப்பது போன்ற ஒரு தேடலை 2005இல் நடத்திப் பார்த்தார்கள். தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது, மக்கள் அதை 7 விழுக்காடு தவறவிட்டார்கள். அதே பொருள் நூற்றுக்கு ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது, தவறியது 30 விழுக்காடு! பொருளும் மாறவில்லை, கண்ணும் மாறவில்லை. அரிதாகக் கிடைப்பதால், "இல்லை" என்ற முடிவுக்கு அவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். மாமியாரின் காலத்து அரிசியில் கல் நிறைய இருந்தது. கை நிற்கவில்லை, கண்ணும் நிற்கவில்லை. இன்றைய பாக்கெட்டில் கல் அபூர்வம் என்பதாலேயே அந்த ஒரு கல் தப்பிவிடுகிறது.

முன்பும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்: தேடல் பெரும்பாலும் தோற்பது நிறுத்தும் இடத்தில்தான். எக்ஸ்ரே படத்தில் ஒரு கோளாறைக் கண்டுபிடித்த மருத்துவர், அதே படத்திலுள்ள இரண்டாவது கோளாறைத் தவறவிடக்கூடும் என்பது 1960களிலிருந்தே பேசப்பட்டு வருகிறது. இரை தேடும் விலங்குக்கும் இதே கணக்கு உண்டு. ஓரிடத்தில் கிடைப்பது குறைந்து, சுற்றுவட்டாரத்தின் சராசரிக்கு இறங்கும்போது அது அடுத்த இடத்துக்குப் பெயர்வதே இலாபம் என்று சூழலியலாளர் எரிக் சார்னோவ் 1976இல் காட்டினார். பீட்டர் பிரோலி, ஸ்டூவர்ட் கார்டு என்னும் ஆய்வாளர்கள் 1999இல் அதையே தகவல் தேடும் மனிதனுக்குப் பொருத்தி, ஓர் இணையப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருப்போம், எந்த 'வாசனையை', அதாவது தேடுவது அங்கே இருக்கும் என்று காட்டும் எந்தக் குறிப்பை, நம்பி அடுத்ததற்குப் போவோம் என்று விளக்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. இன்னொரு நாள் விரிவாகப் பேசுவோம்.

விமான நிலையங்களில், சோதிப்பவரின் விழிப்பு மங்காதிருக்க, போலி ஆயுதப் படங்களை இடையிடையே திரையில் புகுத்துகிறார்கள். வீட்டில் அது வேண்டாம். அரிசியை மெல்லிய படலமாகப் பரப்புங்கள். சோற்றில் கிடைத்த அந்த வெள்ளைக் கல்லை முறத்தின் ஓரத்தில் வைத்து, அதன் உருவத்தை மனத்தில் வாங்கிக்கொண்டு தேடுங்கள். முதல் கல் கிடைத்ததும் முறத்தைக் கீழே வைக்காமல், அரிசியை ஒரு முறை கலைத்துவிட்டு மீண்டும் பாருங்கள்.