அந்தக் குரல் எங்கிருந்து வந்தது?

வணக்கம். படம் எடுப்பதைப் பற்றி வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்லதுதான், எதையும் காட்டித் தப்பிக்க முடியாது.

விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், படிக்கிற பிள்ளைகள் பலர் படிப்பு முடியும் முன் ஒரு ஆவணப்படம் எடுத்தாக வேண்டும். என்ன தலைப்பு என்று கேட்டால் உடனே பதில் வரும்: ஏரி, கைத்தறி, தெருக்கூத்து. சரி, எப்படி எடுக்கப் போகிறாய் என்று கேட்டால், "ட்ரோன் ஷாட்ல ஆரம்பிக்கிறோம் சார்." ட்ரோன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதன் வாடகையைக் கேட்டால்தான் கோபம் வரும். ஆனால் ஊரையே வானத்திலிருந்து பார்த்துவிட்டு அப்புறம் ஒரு நெசவாளியின் விரலுக்கு வருகிறாய் என்றால் அதற்குக் காரணம் வேண்டாமா?

காரணம். இன்றைக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாணியும் யாரோ ஒருவருக்கு வந்த சிக்கலில் இருந்துதான் பிறந்திருக்கிறது. பாணியைப் படிப்பது என்றால் அந்தச் சிக்கலைத் தேடிப் போவது.

கொஞ்சம் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும், தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் செய்திப்படம் ஓடும், அணைக்கட்டும் வயலும் வரும், முகம் தெரியாத ஒரு கம்பீரக் குரல் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே போகும். 1948-இல் தொடங்கிய, மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்தவை அவை. அந்தக் குரல் ஏன்? ஒலிப்பதிவுக் கருவிகளை வெளியிடங்களுக்குத் தூக்கிப் போவது பெரும்பாடு. அதோடு ஒரே படம் பல மொழிகளில் ஓட வேண்டும், குரலை மட்டும் மாற்றினால் போதும். அவர்களுக்கு அது வசதி. உன் கையில் இருக்கிற போனே படத்தையும் பேச்சையும் சேர்த்துப் பதிவு செய்கிறது, உனக்கு எதற்கப்பா அந்தக் குரல்?

எனக்குப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது, இதைச் சொல்லாமல் விடமாட்டேன். காரைக்குடிப் பக்கம் கோட்டையூர்க்காரர் ஏ.கே.செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937-இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சிக்கல் என்னவென்றால், காந்தியின் வாழ்க்கையில் பெரும்பகுதி ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. தண்டி யாத்திரையை இன்னொரு முறை நடத்திக் காட்டச் சொல்ல முடியுமா? அதனால் உலகத்தில் யார் யார் எப்போது காந்தியைப் படம்பிடித்தார்களோ அந்தத் துண்டுகளையெல்லாம் தேடி நாடு நாடாக அலைந்தார். ஏறக்குறைய 50,000 அடி ஃபிலிம் சேர்ந்தது. நிமிடத்துக்கு 90 அடி ஓடும், கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். அதைச் சுமார் 12,000 அடிக்கு வெட்டி 1940-இல் தமிழ் விளக்கவுரையோடு வெளியிட்டார். வெள்ளைக்காரன் ஆட்சியில், போர் நடக்கும்போது, என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு 'ஃபுட்டேஜ் போடலாம் சார்' என்று ஒரு வரியில் சொல்கிறோமே, அந்தப் பாணிக்குப் பின்னால் எத்தனை கப்பல் பயணம் பாருங்கள்.

கேமராவைக் கையில் பிடித்து ஆட்டி எடுப்பதும் அப்படித்தான். 1960-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கென்னடி ஓட்டுக் கேட்டு வருகிறார். 'பிரைமரி' என்ற ஆவணப்படத்தில், கூட்டத்துக்குள் அவர் முதுகுக்குப் பின்னாலேயே கேமரா போகிறது. அப்போதுதான் தோளில் தூக்கிப் போகிற அளவுக்குக் கேமரா இலேசாகி, கூடவே ஒலியையும் பதிய முடிந்தது. அந்த நெரிசலில் ஆடாமல் என்ன செய்யும்? சும்மா திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் பேட்டி எடுக்கும்போது ஏன் ஆடுகிறது?

அதற்கும் முன்னால், 1922-இல் வந்த 'நானூக்' என்ற ஆவணப்படத்தில் பனிவீட்டுக்குள் ஒரு குடும்பம் தூங்கி எழும். உள்ளே வெளிச்சமும் இல்லை, கேமராவுக்கு இடமும் இல்லை, பாதி வீட்டைத் திறந்தபடி கட்டி எடுத்தார்கள். அது சரியா தப்பா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நீங்களும் சண்டை போடுங்கள், எடுக்கப் போவதற்கு முன்னால்.

சரி, என்ன செய்யலாம்? பிடித்த படம் ஒன்றை முதலில் சாதாரணமாகப் பாருங்கள். அடுத்தது சத்தத்தை அணைத்துவிட்டு, நோட்டும் பேனாவுமாக. கேமரா எங்கே நிற்கிறது, யார் உள்ளே விட்டார்கள், வெட்டு எங்கே விழுகிறது என்று எழுதுங்கள். அப்புறம் அதே பாணியில் உங்கள் தெரு டீக்கடையை ஐந்து நிமிடம் எடுத்துப் பாருங்கள். பொருந்துகிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும், ஏரிக்கரை வரை போக வேண்டாம்.

ஒலியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: பேட்டிக்குச் சட்டையில் குத்துகிற மைக் வாங்குங்கள், ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள், பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த அறையைப் பதிவு செய்யுங்கள், எடிட்டிங்கில் கைகொடுக்கும். யூடியூபில் கிடைத்த பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள், உரிமைப் பிரச்சினை வரும். மற்றதை உங்கள் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.