கம்பைலரிடம் சொல்ல வேண்டியவை

அவைத்தலைவர் அவர்களே, அரங்கைத் தந்துதவிய கல்லூரி முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, வகுப்பு முடிந்த களைப்பையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். அன்போடு என்னை அறிமுகப்படுத்திய துறைத்தலைவர் அம்மையாருக்குத் தனியே நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சி நிரலுக்கு நடுவே, செயலியின் கட்டளைகளை நேரடியாக எழுதும் மொழியான அசெம்பிளியை எழுதும்போது, நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரிடம் நாம் தெரிவிக்க வேண்டியவை மூன்று: எந்த மதிப்பை உள்ளே தருகிறோம், எதை வெளியே பெறுகிறோம், செயலிக்குள் மதிப்புகளைத் தாங்கும் சிற்றறைகளான ரிஜிஸ்டர்களில் எதைக் கெடுக்கிறோம், அதாவது மாற்றி எழுதுகிறோம். மூன்றையும் பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தாலும், மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன். பெரும்பாலான விபத்துகள் அங்கேதான் நடக்கின்றன.

ஜிசிசி என்ற கம்பைலர் அந்த அசெம்பிளி வரிகளின் பொருளை ஆராய்வதில்லை. குறியிட்ட இடங்களில் ரிஜிஸ்டர் பெயர்களைப் பொருத்தி, அவற்றை எந்திரக் கட்டளைகளாக்கும் அசெம்பிளரிடம் அப்படியே ஒப்படைத்துவிடுகிறது. எந்த ரிஜிஸ்டர் மாறும் என்பதை நாம் எழுதித் தரும் பட்டியலிலிருந்து மட்டுமே அது அறியும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கு முற்றிலும் பொருந்தும்.

என் நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் நடந்ததைக் கேளுங்கள். 64 பிட் லினக்ஸில், ஒரு கோப்பைத் துண்டு துண்டாக எழுதும் லூப்புக்குள், இயங்குதளத்தை அழைக்கும் சிஸ்கால் கட்டளையை யாரோ நேரடியாக வைத்திருந்தார்கள். சோதனையில் எல்லாம் சரியாக ஓடியது. கம்பைலர் நிரலை வேகப்படுத்தி மேம்படுத்தும் ஓ2 நிலையில் தொகுத்து வாடிக்கையாளரிடம் கொடுத்தபோது, கோப்பில் முதல் துண்டு மட்டுமே இருந்தது. வட்டு நிறைந்துவிட்டதோ என்று பார்த்தார்கள், அனுமதிகளை மாற்றினார்கள், கடைசியில் லூப்புக்குள், திரையில் அச்சிடும் ஒரு பிரின்ட்எஃப் சேர்த்தார்கள், உடனே பிழை மறைந்துவிட்டது! அதை நீக்கினால் பிழை திரும்பியது. காரணம் இதுதான்: அந்தச் சிஸ்கால் கட்டளை, திரும்ப வேண்டிய முகவரியை ஆர்சிஎக்ஸ் ரிஜிஸ்டரிலும் செயலியின் நிலையைக் காட்டும் கொடிகளை ஆர்11 ரிஜிஸ்டரிலும் எழுதிவிடும். பட்டியலில் இரண்டுமே இல்லை. மேம்படுத்தாத நிலையில், லூப்பின் சுற்றுகளைக் கணக்கிடும் எண்ணி, நினைவகத்தின் ஸ்டாக் பகுதியில் இருந்ததால் தப்பியது. ஓ2 அதை ஆர்சிஎக்ஸில் வைத்தது. முதல் சுற்றிலேயே அது ஒரு பெரிய முகவரியாக மாறி லூப்பை முடித்துவிட்டது. பிரின்ட்எஃப் வந்ததும், ஃபங்ஷன் அழைப்பு ஆர்சிஎக்ஸை அழிக்கக்கூடும் என்று அறிந்த கம்பைலர், எண்ணியை அழியாத வேறு ரிஜிஸ்டருக்கு மாற்றியிருந்தது.

வெளியே பெறுவதிலும் இதே கவனம் வேண்டும். உள்ளீடுகள் எல்லாம் படிக்கப்பட்ட பிறகே வெளியீடு எழுதப்படும் என்று கம்பைலர் கருதுவதால், இரண்டுக்கும் ஒரே ரிஜிஸ்டரை ஒதுக்கலாம். முன்கூட்டியே எழுதுகிறோமென்றால் ஆம்பர்சன்ட் (&) குறியிட்டு அதைத் தெரிவிக்க வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். உள்ளீட்டுக் குறிகளை விரித்துரைக்க நேரம் இடம் தரவில்லை, பொறுத்தருள்க.

நான் ஊர் ஊராகக் கேட்டுவருவதை இங்கும் கேட்கிறேன். கம்பைலர் உருவாக்கும் அசெம்பிளியைத் திறந்து படிக்கும் பயிற்சி நம் ஆய்வகங்களில் வேண்டும். விடை சரியாக வந்தால் மதிப்பெண் தருகிறோம். எந்த மதிப்பு எந்த ரிஜிஸ்டரில் தங்கியது என்று கேட்பதில்லை. முதல்வர் அவர்கள் வரும் பருவத்திலிருந்தே ஒவ்வொரு ரெக்கார்ட் நோட்டிலும், ஒரே நிரலின், மேம்படுத்தாத ஓ0, மேம்படுத்திய ஓ2 அசெம்பிளி வெளியீடுகளை மாணவர்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, மாறிய ரிஜிஸ்டர்களை அடிக்கோடிட ஏற்பாடு செய்ய வேண்டும் என்று பணிவோடு வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.