படத்தில் இருப்பவள் யார்?

நண்பர்களே, வணக்கம்.

1968 நவம்பர் கடைசியில் ஒரு கத்தோலிக்கத் துறவி நம் சென்னைக்கு வந்தார். பரங்கிமலைக்குப் போனார், மாமல்லபுரம் பார்த்தார், அப்புறம் இலங்கைக்குக் கிளம்பினார். டிசம்பர் 10 அன்று பாங்காக்கில் காலமானார். பெயர் தாமஸ் மெர்ட்டன். அவரைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. அதனால் நான் இன்று அவருடைய நண்பர் ஒருவரோடு சேர்த்து அவரைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்த நண்பர் ஓர் அச்சுக்காரர்.

மெர்ட்டன் இருந்தது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கெத்செமனி என்ற டிராப்பிஸ்ட் மடத்தில். பேச்சைக் குறைத்து, மௌனத்தையும் உடலுழைப்பையும் பிடித்துக்கொள்ளும் சபை அது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், உலகத்தை விட்டு ஒதுங்கிய இந்த மனிதர் 1948இல் எழுதி வெளியிட்ட தன்வரலாறு லட்சக்கணக்கில் விற்றுவிட்டது! மௌனத்தைத் தேடிப் போனவர் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதே மாநிலத்தில் லெக்சிங்டன் நகரத்தில் இருந்தார் நான் சொன்ன அச்சுக்கார நண்பர், விக்டர் ஹாமர். 1882இல் வியன்னாவில் பிறந்தவர், மெர்ட்டனைவிட 32 வயது மூத்தவர். அடிப்படையில் ஓவியர். ஃபிளாரன்சில் இருந்தபோது சொந்தமாக ஓர் அச்சுக்கூடம் தொடங்கினார். நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்த பிறகு, 1939இல் அமெரிக்காவுக்கு வந்துவிட்டார்.

இங்கே ஈய எழுத்து பார்த்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? கம்பாசிட்டர் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பாரே, அதேதான். வார்ப்படசாலையில் வார்த்து வந்த எழுத்தை வாங்கிக் கோப்பதுதான் எல்லா அச்சகத்திலும் வழக்கம். ஹாமர் அந்த எழுத்தின் வடிவத்தையே தன் கையால் எஃகில் வெட்டினார். எஃகு அச்சைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்கி, அந்தப் பள்ளத்தில் ஈயத்தை வார்த்தால்தான் ஓர் எழுத்து. அவர் எடுத்துக்கொண்ட வடிவம் 'அன்சியல்'. நான்காம் நூற்றாண்டு முதல் தோல்சுவடிகளில் எழுதிவந்த உருண்டையான எழுத்து அது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு அதில் கிடையாது. பழைய துறவி மடங்களில் உட்கார்ந்து வேதத்தைப் படியெடுத்தவர்களின் கையெழுத்து என்றே சொல்லிவிடலாம்.

மெர்ட்டன் எழுதியதை ஹாமர் அச்சிட்டது இந்த எழுத்தில்தான். இந்த இடத்தில்தான் எனக்கு இந்த நட்பு பிடித்துப்போகிறது. துறவியின் வாக்கியம் துறவிகளின் கையெழுத்துக்கே திரும்பி வருகிறது. அதுவும் யார் மூலமாக? ஒரு குடும்பஸ்தர் மூலமாக!

ஹாமரும் அவர் மனைவி கரோலினும் மடத்துக்கு வருவார்கள். கரோலின் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தவர், தானும் அச்சுக்காரர். மெர்ட்டனுக்கு வேண்டிய நூல்கள் அந்த நூலகத்திலிருந்து கரோலின் வழியாக வரும். சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து, மூவரும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசுவார்கள்.

மெர்ட்டன் சின்னச் சின்னப் படைப்புகளை இவர்களுக்குக் கொடுத்தார். ஆதிக் கிறிஸ்தவக் காலத்தில் பாலைவனத்தில் வாழ்ந்த துறவிகளின் பொன்மொழிகள் 1959இல் அச்சாயின. அடுத்த ஆண்டு, சீன ஞானி மென்சியஸ் மலையைப் பற்றிச் சொன்ன உவமை வந்தது. காகிதத்தை ஈரப்படுத்தி, கைஅச்சில் ஒவ்வொரு தாளாக எடுப்பார்கள். ஒரு நூலுக்கு மிஞ்சிப்போனால் நூறு பிரதிகள். லட்சக்கணக்கில் விற்ற எழுத்தாளர் இதற்கு ஆசைப்பட்டார் என்பதை நம் பதிப்பாளர்கள் காதில் போட்டுவையுங்கள்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

ஹாமர் வரைந்த ஓவியம் ஒன்றை மெர்ட்டன் பார்க்கிறார். ஒரு பெண் ஓர் இளைஞனுக்கு முடி சூட்டுகிறாள். யார் இவள் என்று கேட்கிறார். மாதாவும் குழந்தையுமாகத்தான் ஆரம்பித்தேன், இப்போது இவள் யாரென்று எனக்கே தெரியவில்லை என்கிறார் ஓவியர். எனக்குத் தெரியும், இவள் 'ஹகியா சோஃபியா' என்கிறார் துறவி. கிரேக்கத்தில் 'புனித ஞானம்' என்று பொருள். படத்தை வரைந்தவருக்கு அதில் இருப்பவள் யாரென்று பார்க்க வந்தவர் சொல்கிறார்!

ஹாமர் அத்தோடு விடவில்லை, விளக்கம் கேட்டார். 1959 மே மாதம் மெர்ட்டன் கடிதத்தில் விளக்கினார். அந்தக் கடிதத்தில் இருந்த விதை உரைநடைக் கவிதையாக வளர்ந்தது. மடத்தின் வழிபாட்டு வேளைகளின்படி அதற்கு நான்கு பகுதிகள். விடியலில் தொடங்கும், அந்தி சாய்ந்த பிறகு சொல்லும் கடைசி ஜெபத்தின் வேளையில் முடியும். அந்தக் கடைசிப் பகுதியில் மரியாள் தன் மகனுக்கு முடி சூட்டுகிறாள். மகிமையைவிடப் பெரியதான பலவீனத்தையும் வறுமையையும் சூட்டி அவனை உலகத்துக்குள் அனுப்புகிறாள்.

1962இல் அந்தக் கவிதையை ஹாமரே அச்சிட்டார். எனக்குத் தெரியவில்லை என்று தான் கைவிரித்த அதே படம் சொல்லாகி, தான் வெட்டிய எழுத்தில், தன் அச்சுக்கே திரும்பி வந்திருந்தது. அப்போது அவருக்கு வயது 79.

நன்றி.