நெவர்லேண்ட் சீசன் 2: மிச்சம் 144 அத்தியாயம் எங்கய்யா போச்சு?

வணக்கம் மக்களே, காரைக்குடியிலேர்ந்து பேசுறேன். இன்னைக்குப் பாராட்டுற வீடியோ கிடையாது, முன்னாடியே சொல்லிடறேன். 'தி ப்ராமிஸ்ட் நெவர்லேண்ட்'ங்கிற அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் தொடர், அதோட ரெண்டாவது சீசன். 2021-ல வந்ததை இப்ப எதுக்குடா தோண்டுறேன்னு கேப்பீங்க. மொத சீசனைப் பாருங்க, அதோட நிறுத்திக்கோங்கன்னு ஒரு வீடியோவுல சொல்லியிருந்தேன். வேணாம்னு சொன்னா நம்மாளுங்க சும்மா இருப்பாங்களா? ரெண்டையும் ஒரே மூச்சுல பாத்துட்டு வந்து என்னைப் பிடிச்சுத் திட்டுறாங்க. சரி, ஏன் வேணாம்னேன்னு இன்னைக்கு முழுசாப் பேசிடுவோம். ஸ்பாய்லர் நெறைய இருக்கும், மொத சீசனே பாக்காதவங்க இங்கயே இறங்கிக்கோங்க.

மொத சீசன் 2019 ஜனவரியில ஆரம்பிச்சு மார்ச்ல முடிஞ்சது. 12 எபிசோட், க்ளோவர்வொர்க்ஸ் ஸ்டூடியோ, இயக்குநர் மமோரு கான்பே. காட்டுக்கு நடுவுல ஒரு அனாதை இல்லம், பேரு கிரேஸ் ஃபீல்ட். பிள்ளைங்க எல்லாரும் வெள்ளை உடுப்பு, கழுத்துல ஆளுக்கொரு நம்பர். பாத்துக்கிற அம்மா இசபெல்லா, அவ்ளோ பாசம். நல்ல சாப்பாடு, தினம் பரீட்சை, பன்னெண்டு வயசுக்குள்ள எல்லாரையும் யாராவது தத்தெடுத்துப் போயிடுவாங்க. ஒருநாள் ராத்திரி கானிங்கிற சின்னப் பொண்ணு தன்னோட முயல் பொம்மையை மறந்து வச்சுட்டுப் போறா. அதைக் குடுக்க இல்லத்துல மூத்த பிள்ளைங்களான எம்மாவும் நார்மனும் வாசல் கேட்டுக்கு ஓடுறாங்க. வண்டிக்குள்ள கானி பொணமாக் கெடக்குறா. இல்லம்னு நெனச்சது பண்ணை, பிள்ளைங்க அரக்கனுங்களுக்குத் தீனி, அந்த அம்மாவே பண்ணைக்காரி. இவ்வளவும் மொத எபிசோட்லயே!

அதுக்கப்புறம் ஓட்டம் பிடிப்பாங்கன்னு தானே நினைப்பீங்க? அந்தச் சீசன் கடைசி வரைக்கும் யாரும் ஓட மாட்டாங்க. எல்லாரும் அதே வீட்டுல அதே சாப்பாட்டு மேசையில உக்காந்து அந்த அம்மாவைப் பாத்துச் சிரிக்கணும். எபிசோட் பேரைப் பாருங்க, பேரே இருக்காது, வெறும் எண்ணு. 121045. அதாவது 2045 அக்டோபர் 12. கடைசி எபிசோட் 150146, எம்மா, நார்மனோட கூட்டாளி ரேயோட பன்னெண்டாவது பொறந்தநாள். தேதி நகர நகர நமக்கு வயித்தைப் பிசையும்.

இதுல நான் ஏன் இவ்வளவு ஊறிப் போனேன்னா, எங்க அப்பா பள்ளத்தூர்ல ஒரு செட்டியார் வீட்டைப் பாத்துக்கிறவரு. வீட்டுக்காரங்க சென்னையில இருக்காங்க, கல்யாணம், படைப்புன்னா வருவாங்க, மத்த நாள்ல சாவி எங்க வீட்டு ஆணியில தொங்கும். வாசல் ஒரு தெருவுல, பின்கட்டு கதவு அடுத்த தெருவுல. முகப்பு, பட்டாலை, வளவுங்கிற நடு முற்றம் எல்லாம் எங்களுக்கு விளையாட விட்டுருவாங்க, ஆனா வளவைச் சுத்தி இருக்கற அறைங்க பூட்டியே இருக்கும். எந்தக் கதவு கிறீச்சிடும், எந்தத் தூணுக்குப் பின்னாடி நின்னா முகப்புலேர்ந்து தெரியாதுன்னு எனக்கு இன்னும் கண்ணை மூடிட்டுச் சொல்ல வரும். மொத சீசன் என்னை அந்த இல்லத்துக்குள்ள அப்படிப் பழக்கிருச்சு. நீளமான நடை, கதவிடுக்குலேர்ந்து பாக்கற கேமரா, வெளியிலேர்ந்து அளந்து பாத்தா உள்ள கணக்கு இடிக்கிற ஒரு அறை. இதோட மூலக்கதையான மங்காவுல, அதாவது ஜப்பான் காமிக்ஸ்ல, பிள்ளைங்க மனசுக்குள்ள பேசிக்கிற வரி பக்கம் பக்கமா இருக்கும். அனிமேல அதைப் பெரும்பாலும் எடுத்துட்டாங்க. பதிலுக்கு அந்த வீட்டையே பேச விட்டாங்க. ஆக மூலக்கதையை மாத்துறது தப்புன்னு நான் சொல்லவே வரல. மொத சீசனே மாத்தித்தான் ஜெயிச்சது.

(பின்னாடி மைக் செட் கேக்குதா? பக்கத்துத் தெருவுல காதுகுத்து. பொறுத்துக்கோங்க.)

இப்ப கணக்குக்கு வாங்க. மங்காவுக்குக் கதை காயு ஷிராய், படம் போசுகா டெமிசு. ஷோனென் ஜம்ப் வார இதழ்ல 2016-லேர்ந்து 2020 வரைக்கும் ஓடுச்சு, மொத்தம் 181 அத்தியாயம். மொத சீசன் 12 எபிசோட்ல எடுத்துக்கிட்டது 37. மிச்சம் 144. ரெண்டாவது சீசன் எத்தனை எபிசோட்? 11! அந்தப் பதினொண்ணுலயே கதையையும் முடிச்சுட்டாங்கய்யா. மூணு அத்தியாயத்துக்கு ஒரு எபிசோட்னு போன வண்டி, பதிமூணுக்கு ஒண்ணுன்னு போகணும். எப்படிப் போகும்? ஜன்னல் வழியா சாமானைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் போகும்.

மொதல்ல தூக்கிப் போட்டது கோல்டி பாண்ட். மங்கா படிச்சவங்க கிட்ட எது உச்சம்னு கேட்டா நெறையப் பேரு இதைத்தான் சொல்லுவாங்க. அரக்கப் பிரபுக்கள் பிள்ளைங்களை வேட்டையாடி விளையாடறதுக்குன்னே ஒரு ரகசிய ஊரு. எம்மா அங்க மாட்டிக்குறா. வீட்டுக்குள்ள மூளையால தப்பிச்ச பிள்ளை, வெளியில என்னவா மாறப் போறாங்கறதே அங்கதான் தெரியும். அதோட சேத்து யூகோங்கிற ஆளையும் காலி பண்ணிட்டாங்க. தன் கூட்டாளிங்களை எல்லாம் இழந்துட்டு, பதிமூணு வருஷம் ஒரு பதுங்குகுழியில தனியாக் கெடந்து பாதி கிறுக்கான மனுசன். அனிமேல அதே பதுங்குகுழிக்குப் பிள்ளைங்க வர்றாங்க, யூகோ இருக்க மாட்டாரு. சுவத்துல யாரோ கிறுக்கி வச்சது மட்டும் இருக்கு.

சரி, ஆள் இல்லாட்டி போகட்டும், அந்த எடத்துலயாவது கொஞ்சம் தங்க விடுவாங்கன்னு பாத்தேன். சமையலறை, படுக்கை, தண்ணி எல்லாம் இருக்கு, இன்னொரு வீடா மாத்தியிருக்கலாம். உக்காந்து மூச்சு விடறதுக்குள்ள ஆளுங்க துப்பாக்கியோட வந்துடறாங்க. அப்புறம் பல மாசத்தை ஒரே தாண்டு. அஞ்சாவது எபிசோட் முடியும்போது நார்மன் வந்து நிக்கிறான். நார்மன்! மொத சீசன்ல அவனைத் தீனிக்கு அனுப்பறப்ப, அவன் பெட்டியோட நடந்து போறதைப் பாத்து எங்க அம்மா, அனிமே பக்கமே வராதவங்க, அடுப்பைச் சிம்ல வச்சுட்டு வந்து, "ஏன்டா அந்தப் புள்ளைய விடுறாங்க"ன்னு கேட்டாங்க. மங்காவுல எம்மா அவனைத் திரும்பப் பாக்க நூறாவது அத்தியாயத்தைத் தாண்டணும். இங்க அவன் போன துக்கம் காயறதுக்குள்ள வந்துட்டான். காத்திருக்க விடாம கையில குடுத்தா அந்தச் சந்திப்புல என்ன இருக்கும்?

இசபெல்லாவுக்குப் பண்ணதுதான் எனக்குப் பெரிய வலி. மொத சீசன் கடைசியில பிள்ளைங்க பள்ளத்தைத் தாண்டிப் போயிட்டாங்க. இசபெல்லா மதில் மேல நின்னு அவங்க தாண்டிப் போன கயித்தை அவிழ்த்து எடுக்கறா, கொண்டை அவுந்து முடி பறக்குது, இவளும் ஒரு காலத்துல இதே மதில் மேல வந்து நின்ன பிள்ளைன்னு ஒரு முன்கதை ஓடும். யாரும் வசனம் பேசி விளக்க மாட்டாங்க. அவளை வெறுக்கவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. அந்தப் பொம்பளை ரெண்டாவது சீசன் முடிவுல சட்டுனு பிள்ளைங்க பக்கம் வந்து நிக்கிறா. வரட்டும், மங்காவுலயும்தான் வர்றா. ஆனா அதுக்கு முன்னாடி அவ மனசு எப்படி அசைஞ்சதுன்னு காட்ட நேரமே இல்லயே.

அப்புறம் அந்தக் கடைசி எபிசோட். மத்த பிள்ளைங்க மனுச உலகத்துக்குப் போயிடறாங்க, எம்மாவும் நார்மனும் ரேயும் இன்னும் சிலரும் அரக்க உலகத்துப் பக்கமே தங்கிடறாங்க. பெரிய போரு, புது ஒப்பந்தம், அரக்க ராஜ்யம் மாறுறது எல்லாம் இனிமேதான். அதை எப்படிக் காட்டினாங்க தெரியுமா? அசையாத படங்களை வரிசையா ஓட்டி, பாட்டுப் போட்டு, ரெண்டு நிமிசத்துல முடிச்சாங்க. நம்ம ஊர் முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைங்க இருக்குல்ல, இடிச்ச வீட்டோட தேக்குத் தூணு, நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் அடுக்கி வச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணும் தனியாப் பாத்தா அழகுதான், ஆனா அது எந்த வீட்டுல எந்த எடத்துல நின்னுச்சுன்னு யாருக்கும் தெரியாது. அந்தப் படங்களும் அப்படித்தான். மங்கா படிக்காதவனுக்கு அதுல யாரு, எங்க, எதுக்குன்னே புரியாது. கூடவே மங்காவுல எம்மா குடுக்கற பெரிய விலை ஒண்ணு உண்டு, அதை நான் சொல்ல மாட்டேன். இங்க அது கிடையாது, எல்லாரும் சிரிச்சுட்டே வந்து சேந்துடறாங்க.

யாரு மேல பழி போடுறது? கதாசிரியர் ஷிராயோட பேரே இந்தச் சீசன்ல கதை அமைப்புல இருக்கு, அதனால அவருக்குத் தெரியாம நடந்ததுன்னு சொல்ல முடியாது. ஆனா 10, 11-ஆவது எபிசோட் பெயர்ப் பட்டியல்ல கதை அமைப்புக்குன்னு யார் பேருமே வரல. அதுக்கு நீங்களே அர்த்தம் பண்ணிக்கோங்க. 2020 அக்டோபர்ல வர வேண்டியது கொரோனாவால 2021 ஜனவரிக்குத் தள்ளிப் போச்சு. அதே ஜனவரியில அதே ஸ்டூடியோவோட 'ஹோரிமியா', 'வொண்டர் எக் ப்ரையாரிட்டி' ரெண்டும் ஓடுது. வரையறவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. 11 எபிசோட்ல முடிச்சாகணும்னு எந்த மேசையில முடிவாச்சோ, அங்கதான் இது செத்துச்சு. அதே கதையை நாலு சீசனாப் போட்டிருந்தா நாங்க என்ன வேணாம்னா சொல்லியிருப்போம்?

இன்னும் சீசன் 2 தொடாதவங்களுக்கு: மொத சீசன் முடிச்சதும் மங்கா 38-ஆவது அத்தியாயத்துக்குப் போயிடுங்க, கதை அங்கதான் தொடருது. பொறுமை இருந்தா ஒண்ணுலேர்ந்தே படிங்க, அனிமேல விட்ட அந்த மனப்பேச்சு எல்லாம் கிடைக்கும். ஏற்கெனவே பாத்துத் தொலைச்சவங்களும் படிக்கலாம், கோல்டி பாண்ட், யூகோ எல்லாம் உங்களுக்குப் புத்தம்புதுசாத்தான் இருக்கும். யூகோ எம்மாவைப் பாத்தவுடனே துப்பாக்கியைத் தூக்குவாரு, அந்தப் பக்கம் வந்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. காதுகுத்து வீட்டுல பந்தி போட்டுட்டாங்க போல, அம்மா கூப்பிடுறாங்க, நான் வர்றேன் மக்களே.