யார் பக்கம் நிற்பது? பிரின்சஸ் மோனோநோகே பற்றி

வணக்கம் மக்களே. கார்ட்டூன் தானே, பிள்ளைகளை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தப் படத்துக்கு மட்டும் அப்படிச் செய்துவிடாதீர்கள். 'பிரின்சஸ் மோனோநோகே', ஹயாவோ மியாசாகி எழுதி இயக்கிய படம், தயாரித்தது ஸ்டுடியோ ஜிப்லி என்ற ஜப்பானிய அனிமேஷன் நிறுவனம். 1997 ஜூலையில் ஜப்பானில் வெளியானது. ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம். முடிவைச் சொல்ல மாட்டேன், ஆனால் பாதி வரைக்கும் கதை வெளியே வந்துவிடும். வேண்டாம் என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தொடக்கமே தூக்கிவாரிப் போடும். உடம்பு முழுக்கக் கரும்புழுக்கள் நெளிய, ஒரு பெரிய காட்டுப்பன்றி காட்டைப் பிய்த்துக்கொண்டு கிராமத்தை நோக்கி வருகிறது. அஷிடாகா என்ற இளவரசன் அதை அம்பெய்து கொல்கிறான். அதற்குள் அந்தப் புழுக்கள் அவன் வலது கையைச் சுற்றிவிடுகின்றன. கையில் சாபம் ஏறிவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாக உயிரைத் தின்னும். செத்த பன்றியின் உடம்பிலிருந்து ஓர் இரும்புக் குண்டு கிடைக்கிறது. இது எங்கிருந்து வந்தது? அதைத் தேடித்தான் பயணம். குடுமியை அறுத்து வைத்துவிட்டு, யாக்குல் என்ற மான் மேலேறி மேற்கே போகிறான்.

சரி, அந்தக் குண்டைச் சுட்டவர்தான் வில்லன், போய் அடிக்கப் போகிறான் என்று நாம் தயாராகிறோம். மியாசாகி நம்மை மாட்டிவிடுவது இங்கேதான்.

குண்டு எபோஷி என்ற பெண்ணுடையது. காட்டை வெட்டி இரும்பு உருக்கும் ஓர் ஊருக்கு அவள்தான் தலைவி. அந்த ஊரில் உலைக்குக் காற்று ஊதும் துருத்தியை மிதிப்பது பெண்கள். விபசார விடுதிகளில் இருந்தவர்களை எபோஷி பணம் கொடுத்து மீட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். ஆண்களைக் கிண்டலடித்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு மிதிக்கிறார்கள். பழைய ஜப்பானில் இரும்பு உலைகளுக்குக் கனயகோ என்ற தெய்வம் உண்டு. அந்தத் தெய்வத்துக்குப் பெண்கள் ஆகாது என்று சொல்லி, பெண்களை உலைப் பக்கமே விடமாட்டார்கள். அந்த வழக்கத்தை மியாசாகி அப்படியே தலைகீழாகத் திருப்பியிருக்கிறார்.

எனக்குப் படத்திலேயே ரொம்பப் பிடித்த காட்சி அடுத்து வருவது. எபோஷி அஷிடாகாவைத் தன் தோட்டத்துக்குள் கூட்டிப்போகிறாள். அங்கே உடம்பெல்லாம் கட்டுப் போட்ட தொழுநோயாளிகள் உட்கார்ந்து துப்பாக்கி செய்கிறார்கள். அஷிடாகாவின் சாபக்கை தானாகவே வாளை உருவப் போகிறது. இடது கையால் அதை அழுத்திப் பிடிக்கிறான். அப்போது படுக்கையில் கிடக்கும் ஒருவர் அவளைக் கொன்றுவிடாதே என்று கெஞ்சுகிறார். எங்களை மனிதராக நடத்தியவள் அவள் ஒருத்திதான், அழுகும் உடம்பைக் கழுவிக் கட்டுப் போட்டாள் என்கிறார். இப்போது சொல்லுங்கள், யாரை வெறுப்பது? ஜப்பானில் தொழுநோயாளிகளைத் தனிமைப்படுத்தும் சட்டம் 1996 வரை இருந்தது. படம் வந்தது அதற்கு மறு வருடம்.

ஆனால் காடும் சும்மா கோபப்படவில்லை. இரும்பு மணலையும் மரக்கரியையும் மண் உலையில் போட்டு இராப்பகலாக எரிக்கும் முறைக்குத் தத்தரா என்று பெயர். ஒரு தடவை உலை மூட்டினால் சுமார் 10 டன் மணலும் 12 டன் கரியும் போகும். 12 டன் கரி என்றால் எத்தனை மரம் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஊரின் சோறும் பெண்களின் விடுதலையும் காட்டைத் தின்றுதான் வருகின்றன. அதனால் ஓநாய்த் தாய் மோரோவுக்குக் கோபம். அவள் வளர்த்த மனிதப் பெண் சான் எபோஷியைக் கொல்லத் துடிக்கிறாள். சான் முதலில் நமக்கு முகம் காட்டும் இடத்தில், மோரோவின் காயத்திலிருந்து ரத்தத்தை உறிஞ்சித் துப்பிவிட்டு, வாயைத் துடைத்தபடி நிமிர்ந்து பார்ப்பாள். இளவரசி என்று தலைப்பில் போட்டிருக்கிறார்கள், நீங்கள் நினைக்கிற இளவரசி கிடையாது.

காட்சிகளைப் பற்றியும் கொஞ்சம். இந்தக் காட்டுக்காகப் படக்குழு ஜப்பானின் யாகுஷிமா தீவுக்குப் போய் வந்தது. ஆயிரக்கணக்கான வருடம் வயதான சுகி என்ற ஊசியிலை மரங்கள் நிற்கும் இடம் அது, பாறை, வேர் எல்லாம் பாசி. திரையில் அந்த ஈரம் நம் கையில் ஒட்டுகிற மாதிரி இருக்கும். காட்டுத் தெய்வம் நடக்கும்போது பாதத்தை மட்டும் காட்டுகிறார்கள். வைத்த இடத்தில் செடி முளைத்துப் பூக்கிறது, பாதம் எடுத்ததும் வாடிப்போகிறது. வாழ்வு, சாவு இரண்டும் அந்தத் தெய்வத்தின் கையில் என்பதற்கு வசனமே தேவைப்படவில்லை. படத்துக்கு ஏறத்தாழ 1,44,000 செல் ஓவியங்கள், அதாவது கண்ணாடி போன்ற தாளில் தீட்டும் ஓவியங்கள், வரைந்தார்கள். அதில் 80,000 வரை மியாசாகியே பார்த்துத் திருத்தியதாகச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் வேலையும் உண்டு, ஆனால் கொஞ்சம்தான்.

அப்புறம் எல்லாரும் கேட்கும் கேள்வி, எந்த வயதுப் பிள்ளைகள் பார்க்கலாம்? அமெரிக்காவில் பிஜி-13 சான்றிதழ் கொடுத்தார்கள், அதாவது பதின்மூன்று வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு மேல் என்பேன். அம்பு பட்டுக் கை துண்டாகப் போகும், தலை பறக்கும். இதைவிட அந்தப் பன்றிப் புழுக்கள்தான் சின்னப் பிள்ளைகளைத் தூங்கவிடாது. கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், பாதியில் நிறுத்தி எபோஷி நல்லவளா என்று கேளுங்கள். நல்ல சண்டை வரும்.

ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால், கடைசி அரை மணி நேரத்தில் சாமுராய்கள், வேட்டைக்காரர்கள், பன்றிக் கூட்டம் என்று ஆள் மேல் ஆள் சேர்ந்து, யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று கொஞ்சம் குழம்பும். ஜிகோ என்ற துறவி என்ன சொல்கிறார் என்று முன்னாலேயே காதைக் கொடுத்துக் கேட்டுவைத்தால் பிரச்சினை இல்லை.

ஆங்கில டப்பிங் இருக்கிறது, மோசமில்லை. ஆனாலும் சப்டைட்டில் போட்டு ஜப்பானிய ஒலியிலேயே பாருங்கள். ஓநாய்த் தாய் மோரோவுக்குக் குரல் கொடுத்தவர் அகிஹிரோ மிவா என்ற ஆண் பாடகர். இரவில் பாறை மேல் படுத்துக்கொண்டு, சானை உன்னால் காப்பாற்ற முடியுமா என்று அவள் அஷிடாகாவைக் கேட்கும் காட்சி வரும்போது சத்தத்தைக் கூட்டி வையுங்கள்.