புளியங்கொட்டையை எண்ணினால் மட்டும் போதாது

எல்லோருக்கும் வணக்கம். பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று கரையோரம் எங்கிருந்து கேட்டாலும் சரி, வலையைப் பொத்திக்கொண்டே கேட்டாலும் சரி, இன்றைக்குப் பேசப்போவது நம் ஊர்ப் பிள்ளைகள் கூடி, ஊர்ப் பிரச்சினைகளில் எதை முதலில் கையில் எடுப்பது என்று முடிவு செய்வதைப் பற்றி.

பிள்ளைகளைக் கூட்டி வைத்து "நம்ம ஊர்ல என்ன பிரச்சினை?" என்று கேட்டுப் பாருங்கள். இலங்கைக் கடற்படை வரும், கச்சத்தீவு வரும், நாலு பையன்கள் சத்தமாகப் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், கூட்டம் கலைந்துவிடும். அது சின்ன விஷயம் என்று சொல்ல வரவில்லை, அப்பா சிறையில் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிது எது? ஆனால் 1974இல் இரண்டு அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தை நாம் மரத்தடியில் உட்கார்ந்து மாற்ற முடியாது, அந்தச் சத்தத்தில் "எங்க தெருவுக்குத் தண்ணி வரல" என்று சொல்ல வந்த தங்கச்சி பேசாமல் எழுந்து போய்விடுகிறாள்.

அதனால் பேசுவதற்கு முன்னால் எழுதச் சொல்லுங்கள். ஆளுக்கொரு துண்டுச்சீட்டு, பெயர் வேண்டாம். பெண்பிள்ளைகளை முதலில் தனியாகப் பேசவிடுங்கள், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடக் கழிப்பறை, பஸ்ஸை விட்டு இறங்கி இருட்டில் நடக்கிற ரோடு, பத்தாவது முடித்ததும் வீட்டில் தொடங்குகிற கல்யாணப் பேச்சு, இதெல்லாம் அண்ணன்மார் முன்னால் வராது. பெரியவர்கள் கூட உட்காரலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது. (கஷ்டம்தான், எனக்கும்தான்.)

சீட்டுகளைப் படித்து, ஒரே மாதிரி இருப்பதைச் சேர்த்து, தரையில் சாக்பீஸால் வட்டம் வட்டமாகப் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு பிரச்சினையை எழுதுங்கள். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. பிரித்தும் போடலாம், பத்தையும் ஒரே வட்டத்தில் கொட்டலாம். எங்கே குவிகிறதோ அதுதான் முதல் என்று பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லாத இடமே அதுதான்.

கடல்பாசி எடுக்கப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன, 1986இல் அறிவித்தது. தீவுப்பக்கம் பாசி எடுக்கப் போனால் வனத்துறையோடு இழுபறி. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அந்த வட்டம் எந்தக் காலத்திலும் ஜெயிக்காது. ஆகவே கொட்டையை எண்ணி முடித்ததும், குறைவாக விழுந்த வட்டத்தின் பக்கம் திரும்பி, போட்டவர்களையே ஏன் போட்டார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள், கேட்டுவிட்டு இன்னொரு முறை போடவிடுங்கள். இரண்டாவது முறை குவியல் இடம் மாறுவது உண்டு.

நாட்டுப்படகு வீட்டுப் பையனும் விசைப்படகு வீட்டுப் பையனும் ஒன்றாக உட்கார்ந்திருந்தால் இன்னும் சிக்கல். விசைப்படகு இழுத்துப் போகிற இழுவைமடி வலையில் சிக்கித் தன் வலை அறுந்தது என்பான் ஒருவன், கடன் வாங்கிப் போட்ட படகை என்ன செய்வது என்பான் மற்றவன். இதை ஓட்டுக்கு விடவே விடாதீர்கள், தோற்ற பக்கம் அடுத்த கூட்டத்துக்கு வராது. வலை அறுந்தால் அன்றைக்கே யாரிடம் சொல்வது என்கிற அளவுக்குச் சுருக்கினால் இரண்டு பேரும் பேசுவார்கள். அதற்கு மீன்பிடித் தடைக்காலம் நல்ல நேரம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கரையில் நிற்கும், நடுவில் பள்ளிக்கூடமும் லீவு.

முதலில் வந்தது தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம். "தண்ணீர்" என்று மனு எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. காவிரிக் குழாயில் எந்தெந்தக் கிழமை வருகிறது, எத்தனை மணிக்கு, எந்தத் தெரு முனையோடு நின்றுபோகிறது, வால்வைத் திறப்பது யார், ஒரு குடம் விலைக்கு வாங்கினால் எவ்வளவு என்று பிள்ளைகள் ஒரு மாதம் நோட்டில் குறிக்கட்டும். அந்த நோட்டோடு கிராம சபைக்குப் போகலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள்தான் அதன் உறுப்பினர்கள், சின்னப் பிள்ளைகள் அக்காவையோ அம்மாவையோ பேசவைக்க வேண்டியிருக்கும். ராமேஸ்வரம், கீழக்கரை மாதிரி நகராட்சி என்றால் கிராம சபை கிடையாது, வார்டு கவுன்சிலரைப் பிடியுங்கள். எங்கே கொடுத்தாலும் மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கிராம சபை என்றால் தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். வணக்கம்.